கொள்ளி கேட்டு வந்தவள்

கொள்ளி என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. மீதியை என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, முடிச்சூர் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

என் அம்மா வீட்டில் கொள்ளி என்றால் அடுப்பில் எரிகிற விறகு, அவ்வளவுதான். முடிச்சூரில் அது என் பெயராயிற்று. நான் கல்யாணமாகி வந்த மாதமே ஓரகத்தியின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அது சாப்பிடும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேனாம். "இவளுக்குக் கொள்ளிக்கண்ணு அத்தே" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் "செவுத்தப் பாத்து நில்லு" என்பாள். நிற்பேன். சுண்ணாம்பு பெயர்ந்த இடம் ஆட்டுத் தலை மாதிரி இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். நிஜமாகவே என் கண்ணில் ஏதோ இருக்கிறதோ என்று பயந்து, கண்ணாடியில் கூட ரொம்ப நேரம் பார்க்க மாட்டேன்.

நான்கு வருடம் பிள்ளை இல்லை. அப்போது அடுத்த அர்த்தம் வந்தது. அடிபம்பில் நாலு பேர் கேட்கவே சொன்னாள்: "நாளைக்கு இவளுக்குக் கொள்ளி போட ஆரு கீறா?"

கடைசியில் அடுப்பங்கரைக்குள்ளேயே வரக் கூடாது என்றாள். அங்கே பூவாடைக்காரி இருக்கிறாளாம். மாமனாரின் முதல் மனைவி, மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தவள். அவள்தான் அந்த வீட்டுச் சாமி, அடுப்பு மூலையில் குடியிருக்கிறாள் என்று நம்பிக்கை. "கொள்ளிவாய்ப் பிசாசு உள்ள வந்தா எங்க பூவாடைக்காரி வெளிய பூடுவா!" என் வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பின்பக்கம் நாலு கீற்றைச் சாய்த்துக் கொடுத்தார். அதுதான் என் சமையலறை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்குக் காஸ் வந்தது. ஓரகத்தி மண் அடுப்பை இடித்து மேடை கட்டினாள். சிலிண்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பாடா, இனிமே இந்த வூட்ல கொள்ளியே கெடையாது." மாமியாரும் சிரித்தார்.

எனக்கு உடனே ஆடி மாதம் ஞாபகம் வந்தது. ஆடியில் பூவாடைக்காரிக்குப் பொங்கல் வைக்கும்போது தீக்குச்சி கிழிக்க மாட்டார்கள். முதல் நாள் மூட்டிய நெருப்பை அணையவிடாமல் சாம்பலில் பொத்தி வைத்து, அந்தக் கொள்ளியைக் கொண்டுவந்து மூட்ட வேண்டும். வெளியாள் வீட்டு நெருப்பும் ஆகாது. இது யாருக்கும் நினைவு வரவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மழை வந்து என் அடுப்பு நனைந்துவிடுமோ, யாராவது முன்னாலேயே யோசித்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து இளைத்தேன்.

அந்த நாள் வந்தது. முதல் நாள் ராத்திரியே என் அடுப்பு நெருப்பைச் சாம்பலில் பொத்தி வைத்திருந்தேன். படப்பையிலிருந்து உறவெல்லாம் வந்திருந்தது. முற்றத்தில் மூன்று செங்கல், மேலே மஞ்சள் கட்டிய பானை. "கொள்ளி எடுத்தாம்மா" என்றார் மாமியார்.

ஓரகத்தி நின்றுவிட்டாள். "காஸ்ல ஒரு குச்சியக் காட்டி எடுத்தாரட்டா அத்தே?"

"லைட்டர்ல பத்த வெச்ச நெருப்புக்கு அவ வருவாளா? அடுப்ப இடிக்கச் சொல்லோ எங்கடி போச்சு புத்தி?"

படப்பைப் பெரியம்மா ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "பின்னால பொகை வருதே, அது ஆரு வூட்டு அடுப்பு?"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "அதுவும் நம்ம வூட்டு அடுப்புதான்."

கீற்றுக்குள் குனிந்து வந்தாள் ஓரகத்தி. "ஏய், ஒரு கட்ட குடு."

"இன்னா கட்டக்கா?"

"அதான்... எரியற கட்ட."

"அதுக்கு ஒரு பேரு கீதே. நீங்கதான் தெனம் சொல்வீங்களே."

"கொள்ளி."

"கேக்கலக்கா. காத்து அடிக்குது."

"கொள்ளி குடுடீ!" முற்றம் வரைக்கும் கேட்டது. பெரியம்மா சிரித்தாள்.

"கொள்ளியே கெடையாதுன்னு சொன்னீங்களேக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் கையில் தராமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். பானைக்கு முன்னால் நின்று சொன்னேன்: "என் கொள்ளிக்கண்ணு உங்க மேல பட்டுடப் போவுது. நீங்க செவுத்தப் பாத்து நில்லுங்கக்கா. அப்பதான் மூட்டுவேன்."

அவள் மாமியாரைப் பார்த்தாள். "நில்லுடி, நேரமாவுது" என்றார் அவர்.

நின்றாள். அத்தனை உறவுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டுப்புடவையோடு நின்றாள். சுவரில் அவளுக்கு என்ன தெரிந்ததோ. நெருப்பு ஒரே ஊதலில் பிடித்துக்கொண்டது. நான்தான் விறகை இழுத்து இழுத்து வைத்தேன். பால் விளிம்புக்கு ஏறும், ஒரு கட்டையை வெளியே இழுப்பேன், இறங்கும். மூன்று தடவை அப்படிச் செய்தேன். கடைசியில் பொங்கி எல்லாரும் குலவையிட்டபோது அவள் திரும்ப முயன்றாள். "நெருப்பு இன்னும் அணையலக்கா" என்றேன். மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க எனக்குப் பயம், பூவாடைக்காரி கோபித்துக்கொள்வாளோ என்று. ஓரகத்தியை நிற்க வைத்ததற்காக இல்லை. பொங்கலைத் தாமதப்படுத்தியதற்காக.