தீக்குச்சி இடைவெளி

பச்சைக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். முப்பது வருடமாக அடுத்தவர் தோலில் பச்சை குத்திப் பிழைத்தவர். அவருக்குக் கை வந்தது கோதிக் என்கிற பழைய பாணி இங்கிலீஷ் எழுத்து. பட்டை நிப்பால் இழுத்த மாதிரி தடித்த கறுப்புத் தூண்கள், முனைக்கு முனை கூர் வெட்டு. இங்கிலீஷ் பத்திரிகைத் தலைப்பிலும் பட்டச் சான்றிதழிலும் விறைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். குத்துச்சண்டைக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் அதற்காகவே தேடி வருவார்கள். வந்தவர்களை அவர் லேசில் விடமாட்டார்.

"தூணுக்கும் தூணுக்கும் நடுவுல தீக்குச்சி நுழையற இடம் வேணும்ப்பா. தோலுக்குள்ள மை சும்மா கிடக்காது, வருஷாவருஷம் பரவும்."

இன்னும் நெருக்கமாக வேண்டும் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை சறுக்கினார், அதுவும் சொந்த வீட்டு விஷயத்தில். ஆறு வயது மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறுவாரம், மனைவி கடைக்கு வந்து முன்கையை நீட்டினாள்.

"அவ பேர எழுதுங்க. நல்லா தடிமனா. எந்தக் காலத்துலயும் அழியக் கூடாது."

இங்கிலீஷில் ஏழெழுத்துப் பெயர், ஒல்லியான கை. இடம் போதாது என்று அவருக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அவள் கேட்டபடியே தூண்களை நெருக்கி நெருக்கி நிறுத்தினார். தீக்குச்சி என்ன, தலைமுடிகூட நுழையாது. அன்றைக்கு அது அழகாகத்தான் இருந்தது. பாவி மனுஷன், பார்த்துப் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

பதினோரு வருடத்தில் சந்துகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. இப்போது அவள் கையில் இருப்பது வெறும் கறுப்புப் பட்டை. இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே காலத்தை ஓட்டினார்கள். போன செவ்வாய் அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "பழைய ஆள் பேராம்மா? இப்படி அடிச்சு மறைச்சிட்டீங்க!"

நர்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. வேண்டாத பெயரை மறைக்க அப்படித்தான் பட்டை போடுவார்கள். அவரே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார்.

அவள் அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மறுபடி தெரியற மாதிரி பண்ணுங்க."

"ஊசி வச்சா இன்னும் கறுத்துத்தான் போகும்மா."

"லேசர்?"

"கறுப்பு கரையும். ஆனா பேரும் சேர்ந்து போயிடும்."

"அப்ப அவ இன்னொரு தடவ போகணுமா?"

அவள் விளக்கைக் கையருகே இழுத்துக்கொண்டாள்.

"நாலாவது எழுத்து எங்க இருக்கு? அவ எழுதறப்ப எப்பவும் திருப்பிப் போடுவாளே, அது. அதையாவது தொட்டுக்கறேன்."

குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுதியவருக்கே அடையாளம் தெரியவில்லை. உத்தேசமாக ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கதானா?"

"இங்கதான்."

அவள் அவர் விரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள்.