குட்டி யானையில் வந்த மேடம்

நெமிலிச்சேரியில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தூக்கம் மட்டும்தான். ஐ.டி. வேலையில் வாரம் முழுக்கத் திரையைப் பார்த்த கண் பத்து மணிக்கு முன்னால் திறக்காது. அப்படி இருந்தவளை அலுவலகத் தோழி ஒருத்தி ஆவடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு சமுதாயக் கூடத்தில் இளைஞர் வழிகாட்டி மையம் நடந்தது. படிப்பை முடித்தும் முடிக்காமலும் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், வேலையில் இருக்கும் ஒருவரை ஒரு வருடத்துக்குத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். கூடத்தின் வாடகை, பயிற்சி வகுப்புகளின் கட்டணம், டீ, சுண்டல் எல்லாம் அரசாங்கத்தின் நிதி.

என் பொறுப்பில் விடப்பட்டவள் பாடியிலிருந்து வரும் ஒரு பெண். இருபதைத் தாண்டியவள். அப்பா இல்லை. அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்தார். நான் முதல்நாளே கணினி, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஒரு வருடத்துக்கான திட்டத்தை மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். அவள் சுண்டலை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. எனுக்கு கம்ப்யூட்டர்லாம் வாணாம்கா. லாரி ஓட்டணும். இல்லாங்காட்டி பஸ்ஸு."

"லாரியா?"

"ஆமாக்கா. லைட் வண்டி லைசன்ஸ் எடுத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மாமாவோட மினி லாரி, அதான் குட்டி யானை, அதுல தண்ணி கேன் போட்டுகினு கீறேன். நீ எந்த ஊருக்கா?"

"நாமக்கல் கண்ணு."

அவள் துள்ளி எழுந்தே விட்டாள். "லாரி ஊரு! அப்ப நீதான் கரெக்டான ஆளு!"

நாமக்கல்லில் பிறந்து வளர்ந்து, ஒருநாளும் லாரியில் ஏறாதவள் நான் என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வாரமே பக்கத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூலுக்கு இருவரும் போனோம். அதன் முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பள புள்ளைக்கு ஹெவி வண்டி இன்னாத்துக்குமா? ஸ்கூட்டி ஓட்டேன்" என்றார். ஸ்கூட்டி ஏற்கெனவே ஓட்டுவதாக இவள் சொன்னதும் சிரித்துவிட்டு, கனரக வாகனப் பயிற்சிக்கான கட்டணத்தைச் சொன்னார். அவள் அம்மாவின் சம்பளத்தில் கட்டுப்படியாகாத தொகை அது. வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. மையத்தில் மற்றவர்களின் வகுப்புக் கட்டணத்தை அரசாங்கம் தருகிறதே, இதை மட்டும் ஏன் தரக்கூடாது?

அதைக் கேட்கத் திருவள்ளூருக்கு ரயிலேறினோம். எங்கள் மையத்தைக் கவனித்த அதிகாரி ஐம்பது வயதை ஒட்டிய அம்மாள். பொறுமையாகக் கேட்டார்.

"கணினி, ஆங்கிலம், தையல், அழகுக்கலை. இதுக்குத்தான் நிதி ஒதுக்கியிருக்கு. டிரைவிங் அதுல இல்லையேம்மா" என்றார்.

"போட்டா இருக்கும்ல மேடம்?" என்றாள் இவள்.

நான் அவள் காலை லேசாக மிதித்தேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. "உங்க மையத்துக்கே அடுத்த வருஷம் நிதி தரலாமா வேணாமான்னு பார்த்துட்டு இருக்காங்க. நேர்ல வந்து பார்த்துட்டு நான் ரிப்போர்ட் கொடுக்கணும். அது ஆகட்டும் முதல்ல."

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விட்டபாடில்லை. ஆனாலும் பிள்ளைகள் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். சுவரில் கலர் பேப்பர் ஒட்டி, நாற்காலிகளைத் துடைத்து வைத்தோம். மையத்தின் ஒருங்கிணைப்பாளர், நல்ல பையன், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுகிறவர், சட்டையை இன் செய்துகொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பதினொரு மணிக்கு அவருடைய போன் அடித்தது. பேசி முடித்தவரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மேடம் ரயில்வே சப்வே வரைக்கும் வந்துட்டாங்களாம். முட்டி அளவு தண்ணி நிக்குதாம். டிரைவருக்கு இந்தப் பக்கம் வேற வழி தெரியலயாம். திரும்பிப் போறாங்களாம்."

"இன்னொரு நாள் வருவாங்களா?" என்றேன்.

"அதுக்குள்ள ரிப்போர்ட் போயிடுமாம். 'பார்வையிட இயலவில்லை'ன்னு எழுதிடுவாங்களாம்."

என் பொறுப்பில் இருந்தவள் கையிலிருந்த பசை டப்பாவைக் கீழே வைத்தாள்.

"ஐய, அவ்ளோதானே! மேம்பாலத்தைச் சுத்தி வந்தா ஆச்சு. அண்ணா, அங்கயே நிக்கச் சொல்லு. நான் போய் இட்டாரேன்."

அன்றைக்கு அவள் மாமாவின் குட்டி யானையில்தான் வந்திருந்தாள். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னால் காலி கேன்கள் கடகடவென்று உருண்டன. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, நல்லவேளையாக அவள் பக்கம். எனக்கு முன்னால் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நாமக்கல் ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டேன்.

சப்வேயின் அந்தப் பக்கத்தில் ஜீப் நின்றிருந்தது. அதிகாரி குடையோடு இறங்கி வந்தார். இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீயா? நீயே ஓட்டிட்டு வந்தியா?"

"ஆமா மேடம். வழி நான் காட்றேன். ஜீப்பு என் பின்னாடியே வரட்டும்."

அதிகாரி குட்டி யானையையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க ஜீப்புல வாங்க. நான் இதுல வரேன்" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜீப் டிரைவர் திறந்த வாயை மூடவில்லை.

நான் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளே என்ன பேசுகிறார்களோ, இவள் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லி வைப்பாளோ என்று எனக்கு ஒரே கலக்கம். ஜீப் டிரைவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

"பொண்ணு சூப்பரா ஓட்டுதும்மா. பாருங்க, இண்டிகேட்டர் போட்டுத் திரும்புது. இந்த ரோட்ல எவன் போடறான்?" என்றார். மேம்பாலத்தில் ஒரு மாநகரப் பேருந்து உரசுவது போல வந்தபோது அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி வழி விட்டாள். "அடடா!" என்று இவர் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

கூடத்தின் வாசலில் அதிகாரி சிரித்துக்கொண்டே இறங்கினார். தலையெல்லாம் ஈரம். உள்ளே பிள்ளைகள் கைதட்டிய தட்டலில் ஒட்டியிருந்த கலர் பேப்பர் இரண்டு கழன்று விழுந்தன. அவர் மதியம் வரை இருந்து ஒவ்வொரு ஜோடியிடமும் உட்கார்ந்து பேசினார். சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போனதும் நான் இவளைப் பிடித்துக்கொண்டேன். "வண்டியில என்ன கேட்டாங்க?"

"ஒண்ணியும் கேக்கலக்கா. அவங்களுக்கு வண்டி ஓட்ட ரொம்ப ஆசையாம். ஊட்ல காரு கீதாம், ஆனா யாரும் சாவியைத் தர மாட்டன்றாங்களாம். கிளட்ச் எதுக்கு, கியர் எதுக்குன்னு கேட்டுகினே வந்தாங்க. நான் சொல்லிக் குடுத்தேன்."

மையத்துக்கு அடுத்த வருடமும் நிதி வந்தது. வந்த உத்தரவில் அழகுக்கலைக்கு அடுத்ததாக 'கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் அதைச் சத்தமாகப் படித்தபோது இவள் விசிலடித்தாள். அதைக் கேட்டு இன்னும் சில பெண்கள் கை தூக்கினார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி எல்லாரையும், "வாங்கம்மா, வாங்க" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

லைசன்ஸ் தேர்வில் முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டு வந்தாள். "கம்பம் நடுவுல வந்துச்சுக்கா" என்றாள். அடுத்த தடவை தேறிவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் வேலை கிடைத்தது.

முதல் நாள் காலையில் நானும் பாடிக்குப் போய் நின்றேன். அவள் அம்மா கேன்டீன் சீருடையிலேயே வந்திருந்தார். காக்கிச் சட்டையில் அவள் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள். முதலில் ஏற வந்த ஒரு பெண், டிரைவர் சீட்டில் இவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கி, பஸ்ஸின் முன்னால் போய்ப் போர்டைப் படித்தாள்.

"கரெக்டான பஸ்ஸுதான், ஏறுக்கா" என்று இவள் உள்ளேயிருந்து கத்தினாள். "டைம் ஆவுது!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் எட்டிப் பார்ப்பதற்காகப் படிக்கட்டில் ஒரு காலை வைத்தேன்.

"ஸ்டாஃப் மட்டும்தான்கா. எறங்கு, எறங்கு" என்று என்னை விரட்டிவிட்டு ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்தாள். பஸ் கிளம்பியது. அவள் அம்மா, "அந்த ஹாரன் தேவையா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருவரும் டீ குடிக்கப் போனோம்.