டிரெயினிங் பந்தி

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டல் ஆக்கியிருந்தார்கள். அங்கே விசேஷங்களுக்குப் பரிமாறும் வேலை எனக்கு, மணிக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் முதலில் டிரெயினிங். அதற்கு வராவிட்டால் வேலை கிடையாது. வந்தால் கூலி கிடையாது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவளுக்கு இலை போடச் சொல்லிக்கொடுத்தார்கள். நுனி இடப்பக்கம் வர வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பழகுவது என்றால் வெறும் இலையில் பழகுவோம் என்று நினைத்தேன். ஓர் அறுபதாம் கல்யாணத்தில் நிஜப் பந்தியிலேயே இறக்கிவிட்டார்கள். சாம்பார் வாளியோடு வந்தவள் என் பெரியம்மா மகளின் இலை முன்னால் போய் நின்றேன். பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா, நீ எங்க இங்குட்டு?"

"வேலைக்கு வந்திருக்கேன்க்கா."

"நல்லாக் குடுக்குறாகளா?"

உறவுக்காரி உட்கார்ந்து சாப்பிட, நான் கூலியில்லாமல் நின்று ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "பழகுற நாளுக்கும் சேத்துத்தேன் குடுக்குறாக" என்றேன். வெட்கத்தில் ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன்.

அந்தப் பொய் அந்தச் சாப்பாட்டோடு செரித்திருக்கும் என்று நினைத்தேன். சில மாதம் கழித்து அந்த அக்காவின் மகள் ஹோட்டலில் வேலைக்கு வந்து நின்றாள். புதுவயல் அரிசி மில்லில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். "நீங்க இருக்கீகன்னுதேன் சித்தி, அம்மா அனுப்புச்சு" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேனேஜரிடம் பேசி டிரெயினிங் கூலியை வாங்கிக்கொடுத்துவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பேசவும் இல்லை. அவளோ சாயங்காலம் புதுவயல் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறி, பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் போட்டுவைப்பாள். நான் வழியில் இறங்கிவிடுவேன்.

கூலி வந்த அன்று, டிரெயினிங் நாள் கூலி விட்டுப்போச்சு என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"எங்க சித்திக்குக் குடுத்தீகல்ல?"

அவர் கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். "யாருக்கும் குடுக்குறதில்லம்மா. அவுகளையே கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரைக்கல்லில் போட்டிருந்த பூ வேலையைப் பார்த்தேன். அவள் திரும்பவும் அவரிடமே கேட்டாள். "பந்தியில உக்காந்தவுக நெசமாத்தான சாப்புட்டாக? நீங்க விசேஷ வீட்டுக்காரவுககிட்டக் காசு வாங்குனீகல்ல?"

நியாயமான கேள்வி. ஆமாம், எனக்கும் தர வேண்டும் என்று பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

அன்றும் பஸ்ஸில் அவள்தான் முதலில் ஏறினாள். வழக்கம்போலப் பக்கத்து இடத்தில் பை இருந்தது. எடுப்பாள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஏறிய ஓர் அம்மா, "ஆளு வருதாத்தா?" என்று கேட்டார்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் வரல. நீங்க உக்காருங்க."