ஆலிஸின் வாளியும் நாலு நாட்டுப் பெயிண்டும்

பினாங்குத் துறைமுகத்தில் வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்து நின்றாலே ஆலிஸுக்கு முழங்கால் குடையத் தொடங்கிவிடும். வட்டார அமைதிக்கும் அவள் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியைப் பதினாறு வருஷமாகக் கூட்டித் துடைப்பவள் அவள். மாடியிலுள்ள பெண்பிள்ளைகள் கழிவறைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு செத்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து தினமும் இருபது வாளி அவள்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். மூட்டு தேய்ந்துவிட்டது, படியே ஏறக்கூடாது என்று டாக்டர் திட்டிவிட்டார். ஏறாவிட்டால் பிள்ளைகள் வீடு போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பாவம்.

இந்த லட்சணத்தில், கூட்டுப் பயிற்சிக்கு வரும் கடற்படைகள் எல்லாம் நல்லெண்ணச் சேவை என்று பள்ளியின் முன்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்துவிடும். ஒரு நாடு மஞ்சள் அடித்தது. அடுத்தது பச்சை. மூன்றாவது மறுபடியும் மஞ்சள். அவர்கள் கை கழுவவும் ஆலிஸ்தான் வாளி தூக்க வேண்டும்.

நாலாவது நாடு நீலப் பெயிண்டோடு வந்தபோது அவள் முந்திக்கொண்டாள். கப்பல் மெக்கானிக் ஒருவனைக் கையைப் பிடித்துப் பம்பிடம் இழுத்துப் போனாள். அவன் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தான். பத்து விரலைக் காட்டினான், பத்து நிமிஷமாம்! ஆலிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் கூட்டுப் பயிற்சியின் தொடர்பு அதிகாரி அஃபிக் கோப்போடு ஓடிவந்தார். பட்டியலில் பெயிண்ட் மட்டும்தான் இருக்கிறது, பம்பைத் தொடுவதென்றால் இரு நாடும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மலாயில் படபடத்தார்.

ஆலிஸும் மலாயில் பிடித்துக்கொண்டாள். "ஸ்குரூதானே லா முடுக்கப் போறாரு, சண்டையா போடப் போறாரு?"

"அடுத்த வருஷக் கூட்டத்துல பேசலாம்" என்றார் அஃபிக்.

தலைமையாசிரியை தர்மினி அவள் காதைக் கடித்தார். "பேசாம இருங்கக்கா. பேப்பர்காரங்க நிக்கிறாங்க."

மெக்கானிக் தலை குனிந்தபடி மூடியை மூடினான். கடற்படையினர் மிச்சப் பெயிண்டில் பம்புக்கும் ஒரு பூச்சு பூசி, மேலே இரு நாட்டுக் கொடியையும் வரைந்தார்கள். அதன் முன்னால் ஆலிஸை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வாளி படத்தில் விழக்கூடாதாம், ஒருவர் அதைக் காலால் தள்ளிவிட்டார்.

மணி அடித்தது. மாடியிலிருந்து ஒரு பிள்ளை கத்தியது. "ஆலிஸ் ஆண்டி, தண்ணி இல்ல!"

ஆலிஸ் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.

"இதோ வர்றேம்மா. இதுக்கு யார் கையெழுத்தும் வேணாம்."