சீவிய உரித்துள்ள வீடு

பேனாவின் முனை தாளைத் தொடப்போன நேரத்தில் மாமி தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மறைத்துக்கொண்டார். இறப்பர் பால் பட்டுப் பட்டு நகக்கண்களெல்லாம் கறுத்துப்போன கை அது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதியவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே அவரைப் பார்த்தார். வீட்டை விற்க வந்திருந்த முதியவரின் மகன் எங்களைப் பார்த்தான். என் கணவர், "என்னம்மா செய்றீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. "வேணாங்க, கையெழுத்து வைக்காதீங்க" என்று மாமி அந்த முதியவரிடம் சொன்னார். மாமி இறந்து இவ்வளவு காலமான பிறகும், அவரை நினைத்தால் அவர் முகம் வருவதற்கு முன்னால் அந்தக் கைதான் எனக்கு வருகிறது.

மாமி என்றால் என் கணவரின் தாய். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர். கல்யாணமான புதிதில் அவர் பால் வெட்டப் போனதில்லையாம். மாமா தோட்டத்தில் காவல் வேலை பார்த்தார். அவருடைய பெயரில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றையறைக் காம்பரா ஒன்று கிடைத்திருந்தது. மாமா மரம் விழுந்து இறந்துபோனதும், வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் காம்பரா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மழை நாளில் அடுப்புச் சட்டியையும் பாயையும் தூக்கி வெளியே வைத்தார்களாம். அன்று மாமி கைக்குழந்தையாக இருந்த என் கணவரை இடுப்பில் வைத்துக்கொண்டு துரையின் பங்களா வாசலில் போய் நின்று, நான் வேலைக்கு வருகிறேன், காம்பராவை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாள், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கூரைக்காகத்தான் அவர் மலை ஏறி இறங்கி மரம் மரமாக வெட்டினார். இதை அவர் என்னிடம் கதையாகச் சொன்னதில்லை. பாத்திரம் கழுவும்போதோ, வெளியே காய்ந்த துணியை மழைக்கு முன்னால் உள்ளே இழுக்கும்போதோ ஒன்றிரண்டு வாக்கியமாக வந்து விழும். நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

மாமி ஓய்வு பெற்றபோது பழைய சிக்கல் திரும்பவும் வந்தது. என் கணவர் பஜாரில் ஓர் இரும்புக் கடையில் வேலைக்கு நின்றார். நான் பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். தோட்டத்தில் வேலை செய்ய எங்கள் வீட்டில் இனி ஆள் இல்லை. காம்பராவை எப்போது தருவீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். மாமிக்குச் சேமலாப நிதிப் பணம் வந்திருந்தது. அதோடு என் நகைகளையும் சேர்த்து, சொந்தமாக ஒரு வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம் அது. பட்டணத்துக்குப் போகும் பாதைக்குக் கீழே, பலா மரத்தோடு ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. விற்கிறவன் இத்தாலிக்குப் போகப் பயணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்கள இளைஞன். நல்ல விலை. என் கணவர் மறுநாளே முற்பணம் கொடுக்கத் துடித்தார். மாமி விடவில்லை. "வீட்டு எழுத்த ஒரு லோயரு ஒருக்கா பாக்கட்டும் தம்பி. யாரு ஈடு வச்சிருக்காங்களோ, எந்தக் கோட்டுல வழக்குக் கெடக்கோ. கையில இருக்கறதக் குடுத்துட்டு நாளைக்கு நடுரோட்டுல நிக்க என்னால ஏலாது" என்றார்.

அப்படித்தான் கேகாலையில் அந்தச் சட்டத்தரணியிடம் போனோம். மாவனல்லையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வேலையும் அவரே செய்தார். எங்களோடு தமிழிலேயே பேசுவார் என்பதால் மாமிக்கு அவர் மீது உடனே நம்பிக்கை வந்துவிட்டது. மிஸ் என்றுதான் கூப்பிடுவார். மிஸ் காணிப் பதிவகத்தில் தேடிப்பார்த்து எங்களை மறுபடி வரச்சொன்னார். ஈடு இல்லை, வழக்கு இல்லை, பறிமுதல் இல்லை, எல்லையும் சரி. என் கணவர் எழும்பப் போனார். "இருங்க, ஒரு பொறுப்பு ஈக்கிது" என்றார் மிஸ். அந்த இளைஞனுக்கு வீட்டை நன்கொடையாக எழுதிக் கொடுத்தது அவனுடைய தகப்பன். எழுதும்போது, தான் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குச் சீவிய உரித்து என்று பெயர். வீட்டை யார் வாங்கினாலும் அந்த உரிமை அவரோடுதான் இருக்கும். அவர் கண்ணை மூடும் வரை அவரை யாரும் அங்கிருந்து கிளப்ப முடியாது. "அவரே மனசு வெச்சு விட்டுத் தாறேன்னு கையெழுத்துப் போட்டா மட்டும் நீங்குது" என்று மிஸ் சொன்னார். விற்கிறவனிடம் கேட்டோம். அது ஒரு பிரச்சினையே இல்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றான்.

சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தான். முதியவர் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடிப்பு வைத்துப் போட்டிருந்தார். தோட்டப் பாதைகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்களை ஏற்றி இறக்கிக் கற்றுக்கொண்ட உடைந்த தமிழ் அவரிடம் இருந்தது. மனைவி இல்லை. மிஸ் தாளைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டார். அவர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் மாமி கையை வைத்தது.

"இதுல வச்சிட்டா நீங்க எங்க போவீங்க?" என்று மாமி கேட்டார்.

"போறது ஒரு இடம் இருக்கு, நங்கி. மகன் பேசி இருக்கு. அவிசாவளைப் பக்கம். வயசான ஆள்கள் இருக்கிற இடம்" என்றார் முதியவர், மாமியைத் தங்கை முறையில் நங்கி என்று கூப்பிட்டு.

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் இல்ல" என்றார்.

மாமி தாளைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்து, மிஸ்ஸிடம் நீட்டினார். "இது வேணாம் மிஸ். அவருக்கு இருக்கறது அப்படியே இருக்கட்டும். அதோட சேத்தே வீட்ட எழுதுங்க." மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாக விளக்கினார். பெயருக்குத்தான் உங்களுடைய வீடாக இருக்கும், வங்கி ஈடு வாங்காது, விற்க நினைத்தாலும் ஆள் வராது, இவர் போ என்று சொன்னால் நீங்கள் அதில் குடியிருக்கவும் முடியாது. மாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு முதியவர் பக்கம் திரும்பி, "நாங்களும் வந்து இருந்துக்கலாமாங்க?" என்றார். முதியவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, கண் கலங்கத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கணவர் நடுத்தெருவில் நின்று கத்தினார். "முப்பது வருசம் வெட்டின காச யாரோ ஒருத்தருக்காகக் கொண்டுபோய்க் கொட்டுறீங்க!" மாமி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் மட்டும், "சட்டி பானையத் தூக்கி மழையில வைக்கிறத நான் பாத்தவ புள்ள. அத இன்னொருத்தருக்கு என் கையால செய்யச் சொல்றான்" என்றார்.

முன்பக்க அறைகளை எங்களுக்கு விட்டுவிட்டு முதியவர் சமையலறையை ஒட்டிய அறைக்கு மாறிக்கொண்டார். மாமி அவரை ஐயா என்று கூப்பிட்டார். சிங்களத்தில் அது அண்ணன், தமிழில் பெரியவர். எதை நினைத்துக் கூப்பிட்டார் என்று யாரும் கேட்டதில்லை. உறுதிப் பத்திரம் மாமியின் பெயரில் இருந்தது. ஆனால் ஒரு மிளகாய்க் கன்று நடுவதாக இருந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடுவார். அவரோ, பலாக்காய் பறிக்க மாமியைக் கேட்பார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் அனுமதி கேட்டுக்கொண்டே அந்த வீட்டில் இருந்தார்கள். என் மகளுக்கு அவர் சீயா ஆனார், சிங்களத் தாத்தா. அவரிடம் சிங்களம் எழுதப் பழகினாள். என் கணவரால்தான் பொறுக்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, இது உங்கள் வீடா அவருடைய வீடா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் பின்னறையிலிருந்து இருமல் கேட்கும்போது என் கணவர் சோற்றுத் தட்டில் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். ஒரு நாள் மாமி அதைக் கண்டுவிட்டார். "அந்த மனுசன் இருமுறத எண்ணாத தம்பி. அது பாவம்" என்றார். என் கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் பேச்சு குறைந்துபோனது.

முதியவரின் நாளை எண்ணியவர்கள் யாருக்கும் தோன்றாதது நடந்தது. ஒரு பெருமழைக்குப் பிறகு மாமி வயல் பக்கம் கீரை பறிக்கப் போய் வந்தார். காய்ச்சல் வந்தது. உடம்பு வலி என்று கொத்தமல்லி குடித்துப் படுத்துக்கொண்டார். கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலிக்காய்ச்சல் என்றார்கள், அந்த வாரம் தாண்டவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது என்னிடம் கேட்டது, "ஐயாவுக்குச் சோறு வச்சியா?" என்றுதான். என் கணவரைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், முடியவில்லை. அந்தச் சொல் என்னவாக இருந்திருக்கும் என்று என் கணவர் இன்னும் சில நேரம் என்னைக் கேட்கிறார்.

உடலை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது பாதை நெடுக வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தன் வீட்டுச் சாவுக்குச் செய்வதுபோல முதியவரே அயல் வீட்டு ஆட்களைப் பிடித்துக் கட்டியிருந்தார். முன் அறைச் சாமான்களை எல்லாம் ஒதுக்கி, தரையைக் கழுவி வைத்திருந்தார். தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்கள் தப்பு மேளத்தோடு வந்து, சிங்கள வீடாச்சே, அடிக்கலாமா என்று வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்தான் இறங்கிப் போய், "அடிங்க, நல்லா அடிங்க. நங்கி வீடுதானே" என்றார்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன காலையில், முதியவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் அறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப் பை. "புத்தா, லோயரிட்ட போவோம். நான் கையெழுத்து வைக்கிறது. நங்கி இல்ல. இனி நான் இங்க என்னத்துக்கு?" என்று என் கணவரிடம் சொன்னார். சிங்களத்தில் புத்தா என்றால் மகன். தன் சாமான்கள் எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் கட்டியிருந்தார். நான் என் கணவரின் முகத்தைப் பார்க்கப் பயந்து அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் எழுந்து வந்து அந்தப் பையை வாங்கினார். பின்னறைக்குள் கொண்டுபோய், கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சவரக் கத்தி, சீப்பு, இரண்டு சாரம். வைத்து முடித்ததும் அங்கேயே குனிந்து அழத் தொடங்கினார். தாயின் சவத்தின் முன்னால் அழாதவர். முதியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே போய் அவர் தலையில் கை வைத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பல மழைக்காலங்கள் போய்விட்டன. முதியவருக்கு இப்போது நடமாட்டமில்லை, பார்வையும் மங்கிவிட்டது. இத்தாலியிலிருந்து மகன் எப்போதாவது பேசுவான். முதியவருக்கு முகம் மழிப்பதும் குளிப்பாட்டுவதும் என் கணவர்தான். மகள் வளர்ந்துவிட்டாள், அவளுக்கு ஓர் அறை எடுத்துக் கட்டலாம் என்று என் கணவர் சென்ற வாரம் கடனுக்காக வங்கிக்குப் போனார். வீட்டுப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சீவிய உரித்து நீங்கும் வரை கடன் தர வழியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வந்தவர் என்னிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். நான் துவாயோடு பின்னால் போனேன்.

"வங்கியில என்ன சொன்னது புத்தா?" என்று முதியவர் கேட்டார். "வீட்டுல ஏதும் குறை இருக்கா?"

என் கணவர் அவருடைய தோளில் தண்ணீரை ஊற்றினார். "ஒரு குறையும் இல்லையாம், ஐயா."

"இருக்காது" என்றார் முதியவர், கண்ணை மூடிக்கொண்டு. "நங்கி எல்லாம் நல்லாப் பாத்துத்தானே வாங்கினது."