ஓடுகிற தறிக்கு மௌன அஞ்சலி

போன வருடம் ஆடி மாதம் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது இது. எங்கள் ஊர் பள்ளிபாளையம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆறு விசைத்தறி போட்டு நானும் வீட்டுக்காரரும் ஓட்டுகிறோம். ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும், குறுக்கே ஓடுகிற நூலும் அனுப்புவார். நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி. அதில்தான் சோறு, அதில்தான் மகளின் காலேஜ் படிப்பு. தறி மேல் எனக்கொன்றும் பெரிய பாசம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தத்தில் என் இடது காது பாதி போய்விட்டது. ஆனால் எங்களுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

ஷெட்டின் சுவர் ஒன்று மெயின் ரோட்டைப் பார்த்து நீளமாக இருக்கும். சுவரில் படம் வரைகிற குழு ஒன்று சென்னையிலிருந்து வந்து அந்தச் சுவரைக் கேட்டது. ஊர்த் தொழிலைப் பற்றிய படமாம். என் வீட்டுக்காரர் யார் எது கேட்டாலும் தலையாட்டுகிறவர். "நமக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை மிச்சம் புள்ள" என்றார். படம் வரைய வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, என் முகத்தையே வரைகிறேன் என்று போட்டோ எடுத்துக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தலை வாரி, பூ வைத்துக்கொண்டு நின்றேன். தங்கச்சிக்குப் போன் போட்டு, "உங்கக்கா மெயின் ரோட்டுல நிக்கப் போறா, வந்து பாரு" என்று பீற்றிக்கொண்டேன்.

சாரம் கட்டி, பச்சைத் துணியால் மறைத்து வேலை நடந்தது. உள்ளே தறி ஓடினால் சுவர் அதிரும். அந்தப் பெண் அவ்வப்போது வந்து, "அம்மா, கண்ணு வரையறேன், கை ஆடுது, கொஞ்சம் நிறுத்த முடியுமா" என்று கேட்பாள். பாவம் என்று நாங்களும் நிறுத்துவோம்.

துணியை அவிழ்த்த அன்று போய்ப் பார்த்தேன். லாரி உயரத்துக்கு என் முகம். கண் பாதி மூடியிருந்தது. நான் ஒரு நாளும் வைத்துக்கொள்ளாத ஒரு சோகம் அதில். முகத்தைச் சுற்றி மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செண்டுமல்லி மாலை. கீழே ஒட்டடை படிந்த தறி ஒன்று, அறுந்து தொங்கும் நூல். 'ஓய்ந்த தறிகள்' என்று பெரிய எழுத்தில் பெயர்.

எங்கள் ஊரில் ஒரு முகத்துக்கு மாலை போட்டு ரோட்டோரம் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் பார்க்காத கண் யாருக்கு இருக்கிறது? அன்று சாயங்காலமே டீக்கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, அக்கா நல்லாத்தானுங்க இருக்குது?" என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் வெண்ணந்தூரிலிருந்து பெரியம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். யாரோ போனில் படம் காட்டினார்களாம். வாசலில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாலையோட பாத்ததும் என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு சாமி" என்று அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "மாலை உங்களுக்கு இல்லம்மா, தொழிலுக்கு" என்றாள்.

"தொழில் உள்ள ஓடிட்டிருக்குது கண்ணு. நிறுத்தச் சொல்லி நீதான வந்து கேட்ட?"

"ஒரு ஷெட்டைப் பத்தி இல்லம்மா. உங்க தெருவுலயே பாதி ஷெட் மூடிட்டாங்களே."

அது உண்மைதான். சம்மட்டியால் தறியை உடைத்துப் பழைய இரும்புக்கு லாரி ஏற்றியதை நானே பார்த்திருக்கிறேன். உண்மையாக இருந்ததால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. ஏன் மூடினார்கள் என்று அந்தப் படத்தில் எங்கேயாவது இருக்கிறதா? நூல் விலை ஏறினதும், கரண்ட் பில் ஏறினதும், கூலி மட்டும் ஏறாமல் நின்றதும் எந்த மூலையில் இருக்கிறது? ஒட்டடை மட்டும் அழகாக வரைந்திருந்தார்கள்.

அதோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இரண்டு நாளில் ஈரோட்டு ஜவுளிக்காரர் போன் செய்தார். "ஏனுங்கம்மா, தறியை நிறுத்திப் போட்டீங்களாமா? படம் பாத்தனுங்க. அடுத்த பாவை வேற எடத்துக்கு அனுப்பிச்சுரட்டுங்களா?" பாவு ஒரு தடவை வேறு ஷெட்டுக்குப் போனால் திரும்பி வருவது சுலபமில்லை. எங்கள் தெருவில் மூடின ஷெட்டெல்லாம் முதலில் பாவு நின்றுதான் மூடியது. கெஞ்சிக் கேட்டேன். கடைசியில், "செரிங்க, சனிக்கிழமை பொழுது எறங்கறதுக்குள்ள கையில இருக்கற துணி பூராவும் வந்துட்டா, திங்கக்கிழமை பாவு உங்களுக்குத்தான்" என்றார்.

சனிக்கிழமைதான் படத்துக்குத் திறப்பு விழா. மூன்று மணிக்கு விழாக் குழுக்காரர் ஒருவர் ஷெட்டுக்குள் வந்தார். காதைப் பொத்திக்கொண்டு, "மைக் சத்தம் கேக்கல, விழா முடியற வரைக்கும் தறியை நிறுத்துங்க" என்றார். தறி ஓய்ந்துபோன விழாவுக்குத் தறிச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதாம். முடியாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். "பெரிய மனுசங்க வந்திருக்காங்க புள்ள, ஒரு அரை மணி நேரந்தான்."

என்னையும் கூட்டிப்போய் படத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அரை மணி ஒரு மணியாக நீண்டது. பேச்சாளர் ஒருவர், "காவிரிக் கரையில் இரவும் பகலும் ஒலித்த அந்தத் தறிச் சத்தம் இன்று எங்கே போயிற்று?" என்று தழுதழுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சுவிட்சில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. வெயில் சாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தறியில் நெய்ய வேண்டிய துணி மீதி இருந்தது.

அப்போதுதான் அவர், "மறைந்துபோன தொழிலுக்காக அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர், புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். பாலத்தில் போகும் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பக்கம் மாலை போட்ட என் முகம். அதற்குப் பக்கத்தில் பொன்னாடையோடு நான். உயிரோடு நிற்கிற என்னை வைத்துக்கொண்டு எனக்கே காரியம் செய்கிறார்கள் என்று தோன்றிய அந்த நொடியில் எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

விறுவிறுவென்று உள்ளே போனேன். பொன்னாடையை உருவி நூல் மூட்டை மேல் எறிந்தேன். மெயின் சுவிட்சைப் போட்டு, ஒவ்வொரு தறியாகக் கைப்பிடியைத் தள்ளினேன். ஆறும் ஓடின. சுவர் அதிர்ந்தது. அந்த நிமிடம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

குழுக்காரர் ஓடிவந்து கையை ஆட்டி என்னவோ கத்தினார். என் இடது காதை அவர் பக்கம் திருப்பி, "கேக்கறதில்லைங்க" என்றேன். நாலு தரம் கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் வீட்டுக்காரர் வந்தார். முகம் கறுத்திருந்தது. ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டேன் என்று திட்டப் போகிறார் என நினைத்தேன். என்னையும் தறியையும் மாறி மாறிப் பார்த்தார். புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூன்றாம் தறியில் அறுந்திருந்த இழையை முடிய ஆரம்பித்தார்.

பொழுது இறங்குவதற்குள் துணி மினி ஆட்டோவில் பாலம் தாண்டியது. திங்கட்கிழமை பாவு வந்தது.

படம் வரைந்த பெண் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நாள் வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாரம் கட்டாமல் ஏணி வைத்து, மாலையை மட்டும் அழித்துக் கொடுத்தாள். 'ஓய்ந்த தறிகள்' என்ற எழுத்தை அழிக்க அவள் குழு ஒப்புக்கொள்ளவில்லையாம். அது அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் தறியும் ஒரு நாள் நிற்கலாம், நிற்காது என்று அடித்துச் சொல்ல நான் யார். ஆனால் அன்று நானும் தலைகுனிந்து அந்த ஒரு நிமிடம் நின்றிருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும், அதை நிறுத்தியதில் என் பங்கும் இருந்திருக்கும். ரோட்டில் போகிறவர்கள் படத்தைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகும்போதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் நான் நூல் மாற்றிக்கொண்டிருக்கிறேன். என் கோபம் இன்னும் அடங்கவில்லை, அது அடங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.