பூட்டுக்காரரும் வக்கீலும் கடற்கரைக்குப் போன கதை

எங்கள் தெருப் பூட்டுக்காரருக்கு ஊரார் பூட்டின் மேலெல்லாம் நம்பிக்கை உண்டு, தன் கடைப் பூட்டின் மேல் மட்டும் கிடையாது. கடையை அடைப்பார், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார், நூறடி போவதற்குள் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். இழுத்த இழுப்பில் கதவே அரை அடி தெருவுக்கு வந்துவிட்டது என்பார்கள். பொய். நான் அளந்து பார்த்தேன், முக்கால் அடி.

ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், சுவர் கொள்ளாத சாவிகள். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அந்த நாய்கூட இவரைப் பார்த்தால் கொஞ்சம் உட்காரச் சொல்லும்.

நிஜமாகவே ஒரு நாய் வந்தது. அவருடைய அக்கா தன் மகளின் வீட்டோடு இருக்கப் போகிறாள். மூட்டை கட்டி முடிக்கும்வரை தன் நாயை இவரிடம் விட்டாள். பெயர் வக்கீல், எதற்கெடுத்தாலும் எதிர்வாதம். மகள் வீட்டில் நாய் கூடாது, ஒரு பண்ணைக்காரர் அதைக் கேட்டிருந்தார். பதினைந்தே நாளில் பூட்டுக்காரருக்கு அதைப் பிரிய மனமில்லாமல் போயிற்று.

"நீயே ஒரு இடத்துல நிக்க மாட்டே. உன்கிட்ட அவன் எப்படிடா நிப்பான்?" என்றாள் அக்கா. "கடற்கரையில கயிறை அவுத்து விடு. கூப்பிட்டதும் வந்தான்னா உனக்கு. இல்லன்னா அஞ்சு மணி வண்டியில பண்ணைக்கு."

ஊர்க் கடற்கரையில் நாய்களைக் கட்டாமல் விடலாம், பலகையே வைத்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் அங்கே போகத்தான் இவர் வக்கீலோடு கிளம்புவார். பாதி வழியில் தபால் பெட்டியைக் கண்டதும், "பூட்டினேனா?" என்று திரும்புவார், வக்கீலும் திரும்பும். ஆக, பதினைந்து நாளில் இருவரும் மணலை மிதித்ததே இல்லை.

அன்று தபால் பெட்டியருகே அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே தரம்கா, தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். நட."

மணலில் ஏழெட்டு நாய்கள் அலையோடு மல்லுக்கு நின்றன. பூட்டுக்காரர் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். வக்கீல் தண்ணீர் வரை ஓடியது, ஒரு நண்டைக் குறுக்கு விசாரணை செய்தது. பிறகு சட்டென்று நின்று, காதைத் தூக்கி, ஊரைப் பார்த்து எடுத்தது ஓட்டம்.

"வக்கீலு! டேய், வாடா!"

வரவில்லை.

"போச்சு, பண்ணைதான்" என்றாள் அக்கா. இவர் பதில் சொல்ல அங்கே இருந்தால்தானே! செருப்பை மணலில் விட்டுவிட்டு ஓடினார். அவள் மூச்சிரைக்கப் பின்னால் போனாள்.

கடை வாசலில் வக்கீல் பின்னங்காலில் எம்பி நின்றிருந்தது. மூக்கால் பூட்டை ஒரு முட்டு. இன்னொரு முட்டு. பிறகு இறங்கி வந்து, வேலை முடிந்தது என்கிற மாதிரி இவர் காலடியில் படுத்துவிட்டது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணு போதாதுன்னு ரெண்டா! எந்தப் பண்ணைக்காரன் இதை வச்சு மேய்ப்பான்? நீயே கட்டிக்கிட்டு அழு."

பூட்டுக்காரரின் கை பழக்கத்தில் பூட்டுக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

"ஏன், பாக்கலையா?"

"அதான் அவன் பாத்துட்டானே" என்றார். "வாக்கா, செருப்பு அங்கேயே கிடக்கு."